டெண்டுக்கொட்டகையில் செத்துப் பிழைத்த சூசை

"பட்டாளத்தை விட்டுட்டு வரச் சொல்லு. பூ வியாபாரத்தைப் பாக்கச் சொல்லு. மறுநாளே பொண்ணைத் தாரேன்!"

போன வாரம் அன்னாள் போட்ட இந்தக் குண்டு வீட்டுக்குள் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. விட்டுவிட்டு வர முடியாது என்று சூசைமுத்து சொல்லிவிட்டான். அதையும் மரியாதையாக, அத்தை கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னான். அன்னாளுக்கு அதில்தான் எரிச்சல். அவன் கோபத்தில் கத்தியிருந்தால் பதிலுக்கு இவளும் நாலு வார்த்தை கத்தியிருக்கலாம் அல்லவா!

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் மகள் சகாயசெல்வி. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பு முழுவதையும் ஒரே முறைப்பில் அடக்கிவிடுவாள். பெற்ற தாயை அடக்கும் வழிதான் தெரியவில்லை. சூசை அவளுக்கு முறை மாப்பிள்ளை. அப்பாவின் தங்கையைக் கட்டி, நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் மாமாவின் மகன். போன வருஷம் சீனாக்காரன் சண்டையின்போது பனிமலையில் நின்றுவிட்டு வந்தவன், நாளை திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் திரும்பிப் போகிறான். அதற்குள் அம்மா வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வரவேண்டும். வராவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவதாக மாமா சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற மனிதர்.

அன்னாள் மட்டும் என்ன, கல்நெஞ்சுக்காரியா? அவளுக்கு ஒரே தம்பி, சவேரி. ஜப்பான்காரனோடு நடந்த பெரிய சண்டையில் பர்மாவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு நம்பரைப் போட்டு, ஆள் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. எங்கே, எப்படி, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, ஒன்றும் இல்லை. சின்ன வயசில் ஆட்டுக்கிடா முட்டி அவனுக்கு இடது காது மடல் கிழிந்துபோயிருந்தது. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது அன்னாள் அந்தக் காதைப் பற்றியே பிதற்றினாள். செல்விக்கு அப்படித்தான் தெரியும். மற்றபடி தம்பியைப் பற்றி அன்னாள் வெளியாட்களிடம் வாயே திறந்ததில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு ஒருவன் வந்தான். செல்வியின் அண்ணன் அந்தோணிமுத்துதான். கையில் ஒரு போஸ்டர், முகமெல்லாம் பல்.

அந்தோணிக்குத் திண்டுக்கல் நத்தம் ரோட்டுப் பொட்டலில் போட்டிருக்கும் டெண்டுக்கொட்டகையில் வேலை. பகலில் குதிரைவண்டியில் மைக்கைக் கட்டிக்கொண்டு நோட்டீஸ் வீசுவான். சாயங்காலம், இங்கிலீஷ் படமாக இருந்தால், மெஷின் ரூமுக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து படம் ஓட ஓடத் தமிழில் கதை சொல்வான். அவன் குரலுக்காகவே படம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. நமக்கு வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பேர்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, முதல் ரீலிலேயே எல்லாருக்கும் நம்மூர்ப் பேராக வைத்துவிடுவான். அப்போதுதான் ஆள் குழம்பாது.

"செல்வி, இதைப் பாரு!" என்று போஸ்டரை விரித்தான். வானத்திலிருந்து வெள்ளித் தட்டு ஒன்று இறங்குகிறது. சுற்றிலும் நெருப்பு. கீழே வரிசையாகப் பட்டாளத்துக்காரர்கள், துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தபடி. "வேற கிரகத்துலருந்து வாரானுக. பூமியவே பிடிக்கப் பாக்குறானுக. நம்ம பட்டாளம் அடிச்சுத் தொரத்துது! அம்மா இதை ஒரு தடவை பாத்தா போதும். பட்டாளத்துக்காரன்னா யாருன்னு தெரிஞ்சுக்கும்."

"நீ படத்தைப் பாத்துட்டியாண்ணே?"

"படப் பொட்டியே மத்தியானப் பஸ்லதான் மதுரையிலருந்து வருது. பாக்கவா வேணும்? பட்டாளம் ஜெயிக்காம எந்தப் படம் முடிஞ்சிருக்கு?"

படத்தைப் பார்க்காமலே சொல்கிறானே என்று செல்விக்குச் சந்தேகம்தான். ஆனாலும் போஸ்டரில் முன்னால் நின்ற சிப்பாய் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் சொல்வதும் சரிதானே என்று மனசு துள்ளியது. உலகத்தையே காப்பாற்றுகிறவனுக்குப் பெண் கொடுக்க எந்த அம்மாதான் யோசிப்பாள்!

அன்னாள் அவ்வளவு லேசில் மசியவில்லை. "எனக்கெதுக்குப் படம்?" என்றாள். பிறகு, "சரி, நீ மைக்குல கத்துறதைக் கேட்டும் ரொம்ப நாளாச்சு, வாரேன்" என்று நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கொட்டகையில் கூட்டமான கூட்டம்! பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள். வாசலில் சோடாக்கடை அப்துல் வாஹித். டெண்டோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். வலது காலை விந்தி விந்தி நடப்பார். "கலரா, சோடாவா?" என்று கேட்பதைத் தவிர அவர் வேறு பேசிச் செல்வி கேட்டதில்லை.

தட்டிக்கு மேலே சூசையின் கிராப்புத் தலை தெரிந்தது. அவன் திரும்பி ஒரு தடவை பார்த்தான். செல்வி உடனே மேலே கூரையைப் பார்த்தாள். கூரையில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

விளக்கு அணைந்தது.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே!" என்று அந்தோணி ஆரம்பித்ததும் விசில் பறந்தது. "அதோ, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டுக் குழாய்க்குள்ள மருந்தைக் கலக்குறாரே, அவருதான் கண்ணாடி வாத்தியார். பக்கத்துல நிக்கிறது ராணி. இதோ வருது பாருங்க பட்டாளம்!"

லாரி லாரியாகச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். கொட்டகையே கை தட்டியது. முன்னால் இருந்த ஒரு சிப்பாய், போஸ்டரில் சிரித்தானே அவனேதான், சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டிச் சிரித்தான். அந்தோணிக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல இடம் வாய்க்குமா?

"இந்த வீரன் யாரு தெரியுமா? நம்ம நிலக்கோட்டைச் சூசைமுத்து! லீவு முடிஞ்சு வந்துருக்கான். கையில இருக்கிறது கட்டிக்கப் போற பொண்ணு படம்!"

ஆண்கள் பக்கம் ஒரே கும்மாளம். சூசையின் முதுகில் யாரோ தட்டினார்கள். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதன் ஓரமாக அம்மாவைப் பார்த்தாள். அன்னாள் உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. மாதாவே, பலித்துவிட்டது!

அந்தச் சந்தோஷம் செத்த நேரம்கூட நிலைக்கவில்லை.

வெள்ளித் தட்டு திறந்தது. உள்ளேயிருந்து கண் கூசுகிற ஒரு வெளிச்சம். சிப்பாய்கள் வயல்வெளியில் நட்டநடுவே, நெஞ்சை நிமிர்த்தி, வரிசையாக நின்று சுட்டார்கள். குண்டு எதுவும் பலிக்கவில்லை. வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றியது. முதல் வரிசை அப்படியே எரிந்து போனது. முதலாவதாக எரிந்தவன் போட்டோ வைத்திருந்தவன்!

"ஐயோ சூசை!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல். வேறு யாரும் இல்லை, அன்னாள்தான்.

மைக்கில் அந்தோணி மென்று முழுங்குவது கொட்டகை முழுக்கக் கேட்டது. அன்னாள் விருட்டென்று எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "போதும். இதைக் காட்டத்தான் என்னைக் கூட்டியாந்தீகளா? வா, போவோம்."

செல்விக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்ததோ அந்த வேகம்! "செத்த இரும்மா, இந்தா வாரேன்!" என்று சொல்லிவிட்டு, குனிந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு மெஷின் ரூமுக்கு ஓடினாள்.

"அண்ணே! அவரை எந்திரிக்க வையி!"

"எப்படி எந்திரிக்க வைக்க? பொசுங்கிட்டான்ல!"

"எல்லாரும் ஒரே மாதிரி இரும்புத் தொப்பிதானே போட்டிருக்கானுக? அடுத்தவனைக் காட்டிச் சொல்லு!"

அந்தோணி தங்கையை ஒரு கணம் பார்த்தான். மைக்கை இழுத்தான்.

"பதறாதீங்க தாய்மாரே! எரிஞ்சது சூசை இல்ல! வெளிச்சம் வாரதைப் பாத்ததுமே அவன் குழிக்குள்ள பதுங்கிட்டான். அந்தா பாருங்க, பாலத்து மேல ஓடி வாரது யாரு? நம்ம சூசைதான்!"

கூரையைப் பிய்க்கிற மாதிரி கைதட்டல். வெளியே போக எழுந்த அன்னாள் நின்று திரும்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பாலம் இடிந்தது. பாலத்தில் ஓடிய சூசையும் காலி.

"நீச்சல் தெரிஞ்சவன்! பொழைச்சுக்கிட்டான்!" என்றான் அந்தோணி.

அப்புறம் நடந்ததைத்தான் திண்டுக்கல்லில் ஒரு மாசம் பேசினார்கள். படத்தில் எந்தச் சிப்பாய் முன்னால் வந்தாலும் அவன் சூசை. டாங்கியில் வந்தான், டாங்கி உருகியது. ஏரோப்ளேனில் வந்தான், ஏரோப்ளேன் சிதறியது. ஒவ்வொரு தடவையும் அந்தோணி ஒரு வழி கண்டுபிடித்து அவனை எழுப்பினான். "சூசை, எந்திரிடா!" என்று ஜனங்களே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நிஜச் சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்னாள் சிரிக்கவில்லை. ஆனால் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அடுத்த விளக்குக்கு அன்னாள் நேராகச் சோடாக்கடைக்கு நடந்தாள். சூசை அங்கே நின்றான். செல்வி பின்னாலேயே ஓடினாள்.

"ஏலே சூசை, நெசமாவே இப்படித்தான் நெஞ்சைக் காட்டிக்கிட்டு நிப்பீகளா?"

"இப்படி நின்னா எங்க ஹவில்தாரே எங்களைச் சுட்டுருவாரு அத்தை" என்று சிரித்தான் சூசை. "போன எடத்துல மொதல்ல குழி வெட்டுவோம். வெட்டி முடிக்கவும், வேற எடம்னு சொல்லுவாக. அங்க போயித் திரும்ப வெட்டுவோம். பாதி நாளு மம்பட்டி வேலை, மீதி நாளு உருளைக்கெழங்கு உரிக்கிறது."

"பயம் இருக்காதா?"

சூசையின் சிரிப்பு நின்றது. செல்வியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான். "இருந்துச்சு அத்தை. பனியில காலு மரத்துப்போயி, அழுகக்கூட அழுதேன். இந்தப் படத்துல ஒருத்தனும் பயப்படல. அதுகூடப் போகட்டும். ஒருத்தன் விழுந்தா பக்கத்துல உள்ளவன் திரும்பியே பாக்காம அடுத்த குண்டைப் போடுறான் பாருங்க, அதுதான் பச்சைப் பொய்யி. விழுந்தவனை விட்டுட்டு வரமாட்டோம். இழுத்துட்டு வருவோம். என்னையவே ஒருத்தன் இழுத்துட்டுத்தான் வந்தான்."

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவன் அவளிடம்கூடச் சொன்னதில்லை. சோடாவை உடைக்கக் கட்டையை எடுத்த வாஹித் பாயும் உடைக்காமல் அப்படியே நின்றார்.

அன்னாள் ஓர் அடி முன்னால் வந்தாள். "பர்மாவுல எந்தம்பியையும் யாராச்சும் இழுத்திருப்பாகளா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது! சொல்லுங்கள் மச்சான், சொல்லுங்கள் என்று செல்வியின் மனசு கூப்பாடு போட்டது.

"தெரியாது அத்தை" என்றான் சூசை. "ஆனா கடைசியில பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாக. நம்பரெல்லாம் ஆபீசுக்குத்தான். குழிக்குள்ள நம்பரை யாரும் கூப்பிடுறதில்ல."

மணி அடித்தது. அன்னாள் கலரை வாங்காமலே திரும்பி வந்து மணல் மேட்டில் உட்கார்ந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

கடைசி ரீல். கண்ணாடி வாத்தியார் குழாயில் கலக்கிய மருந்தைப் புகையாக ஊதினார். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் சுருண்டு விழுந்தார்கள். தீர்ந்தது! வாத்தியார் ராணியின் கையைப் பிடித்தார். மீதமிருந்த சிப்பாய்கள் பின்னால் மரம் மாதிரி நின்று சலாம் வைத்தார்கள். அவர்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எரிந்து போனவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"இத்துடன் படம் முடிந்தது, சுபம்" என்று அந்தோணி சொல்ல வாயெடுத்தான்.

"நிறுத்துடா!"

அன்னாள்தான். தட்டியைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் பக்கம் நடுவாகவே நடந்தாள். ஆம்பிளைகள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மைக் இருந்த இடத்துக்கு அவள் போய் நிற்கவும் விளக்கும் எரிந்தது.

"என்னடா சுபம்? அம்புட்டுப் பயலுக செத்தானுக, ஒருத்தனுக்காச்சும் பேரு வச்சானா இந்தப் படத்தை எடுத்தவன்? மருந்து கலக்குனவனுக்குப் பேரு இருக்கு, கூட நின்னவளுக்குப் பேரு இருக்கு. நெருப்புல விழுந்த புள்ளைக யாரு வீட்டுப் புள்ளைக? நீயும் எல்லாரையும் சூசை சூசைன்னே சொல்லி ஓட்டிட்ட. ஆளுக்கு ஒரு பேரு வையிடா!"

"யம்மா, படம் முடிஞ்சுபோச்சும்மா..."

"முடியல. மொதல்ல விழுந்தானே, போட்டோவை வச்சுக்கிட்டுச் சிரிச்ச பய, அவன் பேரு சவேரி. எந்தம்பி சவேரி. சொல்லு!"

அந்தோணி மைக்கைப் பிடித்தான். "சவேரி" என்றான்.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சித்தையன்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த பெருமாயி எழுந்து நின்றாள். "பாலத்துல விழுந்தவனுக்கு எம்மகன் பேரைச் சொல்லுப்பா. சங்கிலி. போன வருசம் மலையில போனான்."

"சங்கிலி!" என்றான் அந்தோணி.

"எங்க சித்தப்பா மலைச்சாமி!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர். அப்புறம் இங்கேயும் அங்கேயுமாகப் பேர்கள் கிளம்பின. ஒவ்வொன்றையும் அந்தோணி உரக்கச் சொன்னான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ படத்துக்கு அவன் கதை சொல்லியிருக்கிறான், இப்படி ஒரு குரல் அவனுக்கு வந்ததில்லை. செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பேர்கள் ஓய்ந்ததும் அன்னாள் மகன் கையிலிருந்த மைக்கைத் தானே வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவன் பேரை மட்டும் சொன்னா எப்படி? உசுரோட இருக்கவன் பேரையும் சொல்லணும்ல. நிலக்கோட்டைச் சூசைமுத்து. எம்மருமகன். நாளைக்கு ரயில் ஏறுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல வெத்தலை பாக்கு மாத்திக்கிறோம். எல்லாரும் வந்துருங்க!"

எழுந்த சத்தம் மலைக்கோட்டையில் மோதித் திரும்பியிருக்கும். சூசையை நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். பாவம், படத்தில் அத்தனை தடவை செத்தபோது சிரித்தவன் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். செல்வி இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள், ஊரே பார்க்கட்டும் என்று பார்த்தாள்.

கூட்டம் கலைந்தது. செல்வி அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சோடாக்கடையில் வியாபாரம் நடக்கவில்லை. வாஹித் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு, விந்தி விந்தி அவர்கள் எதிரே வந்து நின்றார்.

"கலர் வேணாம் பாய்" என்றாள் செல்வி.

அவர் காதில் அது விழவே இல்லை. அன்னாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவேரின்னு சொன்னீங்களேம்மா..." என்று இழுத்தார். "அவருக்கு இடது காது மடல் கிழிஞ்சிருக்குமா?"